ஸீ கமைஸின் வலது நாசி

பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சூஸ் என்னும் கடலோர நகரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு ஒரு மனிதர் உள்ளே வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு. வாய் லேசாகத் திறந்தே இருந்தது. யாரிடமும் கேட்காமல் நேரே ஜன்னலுக்குப் போய் அதை அகலத் திறந்தார். கடற்காற்று உள்ளே அடித்ததில் என் மேசைத் தாள்கள் தரையில் சிதறின. அதற்குப் பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்க மகளே. மூடின அறையில என்னால நிக்க முடியாது. டாக்டர் நஜ்வா அனுப்பினாங்க. மூக்குக்குள்ள பாக்குற பொண்ணு நீதானே?"

"மூக்குக்குள்ள பாக்குறது டாக்டர். நான் இஞ்சினியர். ராஃபிகா."

"இஞ்சினியரா?" கோட்டுப் பையிலிருந்து உறையில் போட்ட குறுந்தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "அதுவும் சரிதான். டாக்டருங்க எல்லாம் பாத்து முடிச்சாச்சு. இனிமே மெக்கானிக்கிட்ட காட்ட வேண்டியதுதான் பாக்கி."

அவர் பெயர் கமைஸ்; எங்கள் ஊர் மரியாதைப்படி 'ஸீ' சேர்த்து, ஸீ கமைஸ். சூஸுக்கும் கைரவானுக்கும் இடையே பத்தொன்பது வருடம் லுவாஜ் ஓட்டியவர். எட்டுப் பயணிகள் நிரம்பினால்தான் கிளம்பும் வண்டி அது. எட்டாவது ஆளைப் பிடிக்க ஓட்டுநர்கள் நிலையம் அதிரக் கத்துவார்கள். அந்தக் குரல் இன்னும் அவரிடம் இருந்தது. ஆனால் நான்கு சொற்களுக்கு ஒருமுறை நிறுத்தி, வாயால் காற்றை விழுங்கிக்கொண்டார்.

தகட்டைத் தபாலில் அனுப்பியிருந்தாலே போதும். என் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதினைந்து பேரின் மூக்குப் படங்கள் தேவைப்பட்டன. டாக்டர் நஜ்வா தன் நோயாளிகளிடம் சம்மதம் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தார். மற்ற பதினான்கு பேரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இவர் மட்டும், பார்க்கப்போவது யார் என்று தெரிய வேண்டும் என நேரில் வந்துவிட்டார். வந்தவர் ஜன்னலோரமாக உட்கார்ந்து தன் கதையையும் சொன்னார்.

நான்கு வருடங்களுக்கு முன் அவருக்குக் குறட்டைத் தொல்லை. மனைவி தலீலா, நாம் டீசல் வண்டி வாங்கிவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள் என்று கேலி செய்வாளாம். ஒரு தனியார் மருத்துவமனையில் மூக்கை அறுத்துச் சரிசெய்தார்கள். குறட்டை நின்றது. ஆனால் இரண்டு மாதத்தில் வேறொன்று தொடங்கியது.

"எப்படிச் சொல்றது... காத்து உள்ள போகுது. போகலைன்னா செத்திருப்பேன்ல? ஆனா போறது எனக்குத் தெரியல. நாள் முழுக்க மூச்சு முட்டுது. தண்ணிக்கு அடியில இருக்கிற மாதிரி. டாக்டருங்க விளக்கடிச்சுப் பாக்குறாங்க. 'மூக்கு நல்லா திறந்திருக்கு, ராஜபாட்டை மாதிரி இருக்கு'ங்கறாங்க. ஒருத்தர், 'உங்க மூக்கு எனக்கு இருந்தா நல்லா இருக்கும்'னார். இன்னொருத்தர் மனசுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்."

ஒரு ஆகஸ்ட் பகலில், எட்டுப் பேரும் உள்ளே இருக்க, கைரவான் சாலையில் மூச்சடைத்து வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிட்டாராம். ஆலிவ் மரத்தடியில் இருபது நிமிடம் நின்றார். பயணிகள் திட்டினார்கள். அதோடு வண்டியை வேறொருவரிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு, மைத்துனரின் உதிரிபாகக் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் மச்சான் லஸ்ஹர் என்ன சொல்றான் தெரியுமா? 'இவருக்கு மூக்குல ஒண்ணும் இல்ல, முதுகுலதான். வேலை செய்ய வளையாது'ங்கறான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஸீ கமைஸ், நான் வைத்தியம் பண்ண மாட்டேன். இதை முதல்லயே சொல்லிடறேன்."

"பண்ண வேண்டாம். காத்து எங்க போகுதுன்னு மட்டும் பாரு."

உண்மையில் என் வேலையே அதுதான். ஸ்கேன் எடுத்த படம் ஒரு தலையை இருநூற்று நாற்பது வில்லைகளாக, ரொட்டியைத் துண்டு போட்டதுபோல், தட்டையாக வெட்டிக் காட்டும். ஒவ்வொரு வில்லையிலும் எலும்பு வெள்ளை, சதை சாம்பல், காற்று கறுப்பு. கறுப்பை மட்டும் பிரித்தெடுத்து, வில்லைமேல் வில்லையாக அடுக்கினால், மூக்கினுள் இருக்கும் வெற்றிடம் ஒரு திடப் பொருள்போல் திரையில் எழுந்து நிற்கும். குகைக்குள் மெழுகை ஊற்றி, பாறையை உடைத்து எடுத்த மாதிரி. பிறகு அந்த வடிவத்தை நாற்பது லட்சம் நுண்ணிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணினியைக் கணக்கிடச் சொல்வேன். மூன்று நாள் ஓடும். முடிவில் ஒரு மனிதனின் ஒற்றை மூச்சு என் முன்னால் நீலமும் சிவப்புமான இழைகளாக நிற்கும்.

கமைஸின் படங்களில் ஒரு சிக்கல் இருந்தது. மேல்தாடையில் வலதுபக்கம் பல் கட்டியபோது இரண்டு உலோகத் திருகுகளை இறக்கியிருந்தார்கள். படமெடுக்கும் கதிர் உலோகத்தில் பட்டால் சிதறும். அடிப்பகுதியின் நாற்பது வில்லைகளில் அந்தத் திருகுகளிலிருந்து வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள் பாய்ந்து, வலது நாசியின் கீழ்ப்பாதியைக் கலைத்துவிட்டிருந்தன. கறுப்பைப் பிரிக்கும் நிரல் அங்கே ஒரு பெரிய பொந்தைக் காட்டியது. இடது பக்கத்தில் மூக்கின் சுவரிலிருந்து ஒரு சதைமடல் தொங்கிக்கொண்டிருந்தது; காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, பரப்பிவிடும் மடல். வலது பக்கத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு.

கீற்று செய்த வேலை என்று முடிவு செய்தேன். உலோக நிழலை நிரல் காற்று என்று எண்ணிவிட்டது, அவ்வளவுதான் என்று.

கையால் திருத்துவதானால் பத்து நாளுக்கு மேல் ஆகும். ஹம்மாமத் நகரத்தில் நடக்கவிருந்த மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பப் பதினொரு நாள்தான் மிச்சம். நான் இடது நாசியின் வடிவத்தை எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி, வலது பக்கத்தில் ஒட்டினேன். அரை மணி நேர வேலை. ஒட்டிய விளிம்பை மழுங்கடித்ததும் எனக்கே எது ஒட்டு என்று தெரியவில்லை. அட்டவணையில் கமைஸின் பதினோராம் எண்ணுக்கு எதிரே 'திருத்தப்பட்டது' என்று ஒற்றைச் சொல் எழுதினேன். இன்னும் இரண்டு படங்களிலும் சிறிய இடங்களில் அதே வேலையைச் செய்திருந்தேன்.

கட்டுரை போனது. ஏற்கப்பட்டது.

ஏப்ரல் தொடக்கத்தில் கமைஸ் மறுபடி வந்தார். கையில் கைரவான் மக்ரூத் பெட்டி. பேரீச்சை வைத்துப் பொரித்துத் தேனில் தோய்த்த அந்தப் பண்டத்தின் எண்ணெய் அட்டையில் ஊறியிருந்தது. முடிவை டாக்டர் வழியாகத்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்துவிட்டார். திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"ஸீ கமைஸ், கவலையே படாதீங்க. பதினஞ்சு மூக்குல உங்களுதுதான் ரொம்ப நல்லா இருக்கு. காத்துக்குத் தடையே இல்ல."

நல்ல செய்தி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. திரையில் சுழன்றுகொண்டிருந்த வடிவத்தையே பார்த்தார்.

"இது என் மூக்கா?"

"உங்க மூக்கேதான்."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கே."

நான் சுட்டியை நகர்த்தி வடிவத்தை வேறு பக்கம் திருப்பினேன்.

"எனக்கு வலது பக்கம்தான் மகளே செத்துப்போனது. இடது பக்கம் கொஞ்சமாவது தெரியும். வலது பக்கம் காத்து வருதா வரலையான்னே தெரியாது. இங்க என்னடான்னா..." எழுந்தார். "சரி. நீயும் அதையேதான் சொல்ற. மெஷினும் அதையேதான் சொல்லுது. அப்ப எனக்குத்தான் புத்தி சரியில்ல."

"அப்படி இல்ல, ஸீ கமைஸ்..."

"மக்ரூத்தைச் சாப்பிடு. இன்னைக்குக் காலையில செஞ்சது."

தானே திறந்த ஜன்னலைத் தானே மூடிவிட்டுப் போனார்.

அவர் போன உடனேயே நான் பதறிப்போய்ப் படங்களைத் திறந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. நோயாளிகள் இப்படித்தான், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று தோன்றும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஏப்ரல் முழுதும் மாநாட்டுக்கான படங்களுக்கு வண்ணம் தீட்டினேன். ஆனால் பதினோராம் எண்ணின் வடிவம் திரையில் வரும்போதெல்லாம் வேகமாக அடுத்ததற்குத் தாண்டினேன். ஒருநாள் பக்கத்து மேசைத் தோழி, "அந்த ஒண்ணை மட்டும் ஏன் ஓட்டி விடுற?" என்று கேட்டாள். அன்று மதியம் உணவுக்குப் போகாமல் மூலப் படங்களைத் திறந்தேன்.

தட்டையாக வெட்டிய வில்லைகளில் கீற்றுகள் எல்லாவற்றையும் மறைத்தன. ஆனால் அதே படத் தொகுப்பை முன்னிருந்து பின்னாகச் செங்குத்தாகவும் வெட்டிப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தபோது கீற்றுகள் ஒரு பட்டைக்குள் அடங்கிக்கொண்டன. அதற்கு மேலேயும் கீழேயும் சுவர் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குக் கோட்டை நீட்டி, ஒவ்வொரு வில்லையாக, சுட்டியைப் பிடித்துக் கையால் வரைந்தேன். டாக்டர் நஜ்வாவிடம் மூக்குக்குள் விட்டு எடுத்த குழல் கேமரா பதிவைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிட்டேன். பதினொரு நாள் ஆனது. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

வலது பக்கத்தில் மடல் இல்லை. அடியோடு இல்லை. அறுவையில் வேரோடு எடுத்துவிட்டிருந்தார்கள். நிரல் காட்டிய அந்தப் பெரிய கறுப்புப் பொந்து கீற்று செய்த பொய் அல்ல. அதுதான் அவருடைய மூக்கு. நிரல் சரியாகச் சொல்லியிருந்தது. அந்த மனிதரும் சரியாகத்தான் சொல்லியிருந்தார். இருவரையும் நம்பாமல் போனவள் நான் ஒருத்திதான்.

புதிய வடிவத்தில் காற்றை விட்டேன். இடது பக்கத்தில் இழைகள் விரிந்து சுவர்களைத் தடவிக்கொண்டு போயின. வலது பக்கத்தில் எல்லா இழைகளும் ஒரே கயிறாகத் திரண்டு, அந்தப் பெரிய கூடத்தின் நடுவே, எந்தச் சுவரையும் தொடாமல் நேரே தொண்டைக்குப் பாய்ந்தன. மூக்கு மூச்சை அளவால் அறிவதில்லை. சுவரில் காற்று பட்டு ஏற்படுகிற குளிர்ச்சியால்தான் அறிகிறது. வலது சுவரின் குளிர்ச்சி எண்ணைக் கணக்கிட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரு மனிதருக்குப் போதுமான காற்று போய்க்கொண்டே இருந்தது, அது போகும் செய்தி மட்டும் நான்கு வருடமாக அவருக்கு வரவில்லை.

தடையை மட்டும் அளந்து, இருப்பதிலேயே நல்ல மூக்கு என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

என் வழிகாட்டி பேராசிரியர் ஷாத்லி கோபக்காரர் அல்ல, கிண்டல்காரர். அது இன்னும் மோசம். இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துக் காட்டி, செய்ததைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"நீ மூக்கைப் பாத்தியா, கண்ணாடியைப் பாத்தியா?"

"தப்புதான், ஸீ ஷாத்லி."

"'திருத்தப்பட்டது'ன்னு எழுதியிருக்க. யாரைத் திருத்தின? அந்த ஆளையா?"

கண்ணீரை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து போய் இரண்டு கோப்பை காபி கொண்டுவந்து ஒன்றை என் முன் வைத்தார்.

"எத்தனை பேர்ல இப்படி ஒட்டு போட்டிருக்க?"

"மூணு."

"மூணையும் மறுபடி வரை. ஹம்மாமத்துக்கு நானே எழுதிடறேன், கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கறோம்னு. உன் பட்டம் ஆறு மாசம் தள்ளிப்போகும். உங்க அம்மாகிட்ட நீயே சொல்லிக்க, அதுக்கு நான் வரமாட்டேன்." காபியை ஒரு மிடறு குடித்தார். "அந்த டிரைவர்கிட்டயும் நீயேதான் சொல்லணும். அதுக்கும் நான் வரமாட்டேன்."

கமைஸ் தொலைபேசியை எடுக்கவில்லை. ஐந்தாறு முறை முயன்ற பிறகு ஒருநாள் தலீலா எடுத்தாள். "அவர் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டார் தங்கச்சி. படம், சீட்டு எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டார். இனி யாருக்கும் மூக்கைக் காட்ட மாட்டாராம்."

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, மடிக்கணினியோடு கைரவானுக்கு லுவாஜ் ஏறினேன். தலீலா சொன்ன அடையாளத்தில் வீட்டைக் கண்டுபிடித்தபோது, உள்முற்றத்தில் கமைஸும் மைத்துனர் லஸ்ஹரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கமைஸ் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்னார்.

லஸ்ஹர்தான் பேசினார். "ஓ, மூக்கு இஞ்சினியரம்மா! சூஸிலிருந்து இவ்வளவு தூரமா? அந்த மூக்குக்குள்ள என்னதான் இருக்கு, புதையலா?"

"ஸீ கமைஸ்," என்றேன். லுவாஜில் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. "அன்னைக்கு உங்களுக்குக் காட்டினேனே, அது உங்க மூக்கு இல்ல. வலது பக்கம் படம் தெளிவா விழல. சோம்பல்பட்டு, இடது பக்கத்தைத் திருப்பி ஒட்டிட்டேன். நீங்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

கமைஸை நேராகப் பார்த்தேன்.

"நீங்க சொன்னது நிஜம். வலது பக்கம் காத்து சுவத்துலயே படல."

கமைஸ் தேநீர்க் குவளையைத் தரையில் வைத்தார். குவளை கல்லில் மோதிச் சத்தமிட்டது.

"ரெண்டு மாசம்," என்றார். "இந்த ரெண்டு மாசம் நான் என்ன பண்ணினேன் தெரியுமா உனக்கு? எனக்குப் பைத்தியம்னு நானே ஒத்துக்கிட்டேன். அந்த மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சேன். பகலெல்லாம் தூங்கி வழிஞ்சேன். வண்டி உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க எழுதி வெச்சிருக்கேன், அதோ அந்த அலமாரியில இருக்கு. பத்தொன்பது வருஷம்! ஒரு படத்துக்காக!"

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லஸ்ஹர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலீலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ ரெண்டு மாசம் நம்பல," என்றாள் மெதுவாக. "நான் நாலு வருஷமா நம்பல. ஜன்னலைத் திறக்காதீங்க, புள்ளைங்களுக்குச் சளி புடிக்குதுன்னு சண்டை போட்டிருக்கேன். நடிக்கிறீங்கன்னு சொல்லியிருக்கேன். நீயாவது வந்து சொல்லிட்ட."

அவள் எனக்கு ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் ஹரீஸா மிளகாய் விழுதும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு துண்டைப் பிட்டுக் கையிலேயே வைத்திருந்தேன். கிளம்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கமைஸ் முகம் கழுவியிருந்தார்.

"காட்டு," என்றார்.

மடிக்கணினியை முழங்காலில் வைத்துத் திறந்தேன். நால்வரும் நெருங்கி உட்கார்ந்தோம். வலது நாசியைப் பெரிதாக்கி, மூச்சை மெதுவாக ஓடவிட்டேன். நீலக் கயிறு ஒன்று திரண்டு, வெற்றுக் கூடத்தின் நடுவே போனது. கமைஸ் விரலைத் திரையில் வைத்து அதன் பாதையைத் தடவிக்கொண்டே வந்தார். தொண்டை வரை வந்ததும் மறுபடி தொடங்கச் சொன்னார். மூன்று முறை பார்த்தார்.

"இதுதான். இப்படித்தான் போகுது. இதைத்தான் நாலு வருஷமா சொல்லத் தெரியாம..." தலீலாவைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா? பாத்தியா நீ?"

"பாத்தேன்," என்றாள் தலீலா.

லஸ்ஹர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காத்துன்னா கண்ணுக்குத் தெரியாதுல்ல, அதான் எங்களுக்கும்..." என்று ஏதோ தொடங்கினார்.

"நீ பேசாதடா," என்றார் கமைஸ். ஆனால் குரலில் கோபம் தணிந்திருந்தது.

அடுத்த வாரம் டாக்டர் நஜ்வாவைப் பார்க்கப் போவதற்குள் நான் இன்னொரு வேலை செய்தேன். வடிவத்தின் வலது பக்கத்தில், மடல் இருந்த சுவரில், ஒரு சிறு மேட்டை மூன்று வெவ்வேறு இடங்களில் வைத்து ஒவ்வொன்றுக்கும் காற்றை ஓடவிட்டேன். முதல் இடத்தில் கயிறு சற்று வளைந்தது, அவ்வளவே. மூன்றாவது இடம் காற்றையே அடைத்தது. இரண்டாவது இடத்தில், நாசிக்குள் கொஞ்சம் முன்னால் வைத்தபோது, கயிறு பிரிந்து விசிறிபோல் விரிந்து சுவரைத் தொட்டது.

டாக்டர் நஜ்வா குள்ளமான, வேகமான பெண். என் படத்தை அரை நிமிடம் பார்த்தார். "முதல்ல மேட்டுக்குப் பதிலா பஞ்சு வெச்சுப் பாத்துடலாம். கம்ப்யூட்டர் சொல்றது ஒண்ணு, மனுஷன் சொல்றது ஒண்ணா இருந்தா, நான் மனுஷனைத்தான் கேப்பேன்," என்றார்.

உப்புநீரில் நனைத்த சிறு பஞ்சுத் துண்டை இடுக்கியால் பிடித்து, குழல் கேமராவில் பார்த்துக்கொண்டே, நான் குறித்த இடத்தில் வைத்தார். "இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. அரை மணி நேரம் கழிச்சுக் கேக்கறேன்," என்று சொல்லிவிட்டு வேறு நோயாளியைப் பார்க்கப் போனார்.

தலீலாவும் நானும் எதிரே உட்கார்ந்திருந்தோம். மருத்துவமனை நடைவழியில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். கமைஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும். அப்போது ஒன்றைக் கவனித்தேன்: அவர் வாய் மூடியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. மூடிய வாயோடு அவர் முகம் வேறொருவருடையதுபோல், கொஞ்சம் கண்டிப்பானதாக, இளமையானதாக இருந்தது. தோள்கள் இறங்கியிருந்தன. தலீலாவும் கவனித்துவிட்டாள், என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று பயம்.

டாக்டர் திரும்பி வந்தார். "என்ன ஸீ கமைஸ்?"

அவர் ஒரு மூச்சை நிதானமாக இழுத்தார். "சில்லுன்னு இருக்கு," என்றார்.

"எங்க?"

"இங்க." வலது பக்கம் மூக்கின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். இன்னொரு மூச்சு இழுத்தார். பிறகு இன்னொன்று. பசித்தவர் சாப்பிடுவதுபோல் மூச்சு விட்டார். "டாக்டரம்மா, இதை எடுக்கணுமா?"

"எடுத்துத்தான் ஆகணும். பஞ்சுதானே அது."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே."

டாக்டர் நஜ்வா கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். "சரி, நடைவழியில உக்காருங்க. எல்லாரையும் பாத்துட்டுக் கடைசியா கூப்பிடறேன்," என்றார்.

மதியம் ஒன்றரை வரை அவர் அந்த நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தலீலா அவர் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். கடந்துபோன செவிலி ஒருத்தி, யாராவது இறந்துவிட்டார்களா என்று பதறிக் கேட்டாள். "இல்லம்மா," என்றார் கமைஸ், "நான் பொழைச்சுட்டேன்."

அக்டோபரில் அறுவை நடந்தது. அவருடைய விலாவிலிருந்து சிறு குருத்தெலும்புத் துண்டை எடுத்து, அதே இடத்தில் சதைக்கு அடியில் பதித்தார் டாக்டர் நஜ்வா. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பஞ்சு வைத்த அன்று பத்துக்குப் பத்து, இப்போது ஆறு அல்லது ஏழு என்பார் கமைஸ். ஆனால் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்குகிறார். வசந்தத்தில் தன் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, காலையில் இரண்டு நடை மட்டும் ஓட்டத் தொடங்கினார்.

நான் பட்டம் வாங்குவது ஆறு மாதம் அல்ல, ஒன்பது மாதம் தள்ளிப்போனது. மற்ற இரண்டு படங்களையும் மறுபடி வரைந்தேன். ஒன்றில் பெரிய வித்தியாசம் இல்லை, மற்றதில் இருந்தது. ஆய்வேட்டில் முதல் வடிவத்தையும் இரண்டாவதையும் அருகருகே வைத்து, என்ன செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதினேன். தேர்வாளர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டுமே முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். வியர்த்துப்போனேன். அந்த மூன்று படங்களையும் பற்றி அவர் கேட்ட எதற்கும் மழுப்பிப் பதில் சொல்லவில்லை.

அந்தக் கோடையில், ஜூலை நடுவில், பகல் பதினொரு மணிக்குக் கமைஸிடமிருந்து தொலைபேசி வந்தது. பின்னால் லுவாஜ் நிலையத்து இரைச்சல்.

"மகளே, இன்னைக்கு இங்க ஷெஹீலி அடிக்குது. பாலைவனக் காத்து. கைரவான்ல நாப்பத்தஞ்சு டிகிரி. பழையபடி முட்டுது. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு."

"வண்டி ஓட்டிக்கிட்டா பேசறீங்க?"

"இல்ல இல்ல, நிழல்ல நிக்கிறேன். ஓட்ட மாட்டேன் இன்னைக்கு. ஒண்ணு கேக்கணும். உன் கம்ப்யூட்டர்ல நீ எந்தக் காத்தை விட்ட?"

"எந்தக் காத்துன்னா?"

"குளிர்க் காத்தா, சூட்டுக் காத்தா?"

பதினைந்து மூக்குகளிலும் நான் விட்டது இருபத்திரண்டு டிகிரி, ஓரளவு ஈரமான, ஒரு நல்ல அறையின் காற்று. சூஸில் ஏப்ரல் மாதத்தில் வேண்டுமானால் அப்படி ஒரு காற்று கிடைக்கும்.

"சூட்டுக் காத்தை விட்டுப் பாக்கல, ஸீ கமைஸ்."

"அதானே கேட்டேன்," என்றார். அவர் குரலில் லேசான பெருமிதம் இருந்தது. "விட்டுப் பாரு. நாப்பத்தஞ்சு போடு. தூசியும் போட முடியுமா?"

"தூசி கஷ்டம். முயற்சி பண்றேன்."

"பண்ணு. நான் சாயங்காலம் கூப்பிடறேன். எந்த நேரத்துல எப்படி இருக்குன்னு எழுதி வெக்கச் சொல்லி தலீலாகிட்ட சொல்லியிருக்கேன், அவ காலையிலிருந்து எழுதிக்கிட்டிருக்கா."

பதினோராம் எண்ணின் கோப்பைத் திறந்து, வெப்பநிலை இருந்த கட்டத்தில் இருபத்திரண்டை அழித்தேன்.